லயத்து வீடும் மலைக் குளிரும்



மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான், குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது என்று நாம் வகுப்பில் பாடம் நடத்துகிறோம். பாடம் சரிதான். ஆனால் கியா பார்மில் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய நீரைத் துடைத்துவிட்டு அடுப்பு மூட்டும் தாய்மாரிடம் அந்தப் பாடத்தைச் சொன்னால், நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஐரோப்பாவைப் போல இங்கே பனி கொட்டிக் கிடப்பதில்லை. ஆனாலும் ஐப்பசி அடைமழை தொடங்கியது முதல் மாசி முடியும் வரையில், வீட்டைக் குளிருக்கு ஆயத்தம் செய்யாமல் இந்த மலையில் குடித்தனம் நடத்த முடியாது. அந்த ஆயத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சாலை வந்த கதையும் தேயிலை வந்த கதையும் புத்தகங்களில் இருக்கின்றன. வீட்டுக்குள் குளிரை எப்படித் தடுத்தார்கள் என்ற கதை பெரும்பாலும் நம் பாட்டிமாரிடம்தான் இருக்கிறது. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

மலை ஏற ஏறக் குளிர் கூடும் என்பது நாம் அறிந்ததே. கணக்காகச் சொன்னால், ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கியா பார்ம் கடல் மட்டத்துக்கு மேல் 5,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஆகவே தாப்பாவில் வியர்த்து ஒழுகும் அதே நேரத்தில் இங்கே நாம் கம்பளிச் சட்டை தேடுகிறோம். நாட்டிலேயே மிகக் குறைவாகப் பதிவான வெப்பநிலையும் நம் கேமரன் மலைக்குரியதுதான். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி அது 7.8 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில்தான் இப்படி நடக்கும். மேகம் பூமிக்கு ஒரு போர்வை. போர்வை விலகினால் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும்.

இந்த மலையின் பெயருக்குரிய வில்லியம் கேமரன் நில அளவைக்காக இங்கே வந்தது 1885-இல். ஆனால் நாற்பது ஆண்டுகள் வரை இது காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதை ஒரு மலைவாசத் தலமாக்கும் எண்ணம் உறுதிப்பட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய மில்ன் என்பவர் அவருக்குத் துணை நின்றார். தாப்பாவிலிருந்து சாலை மேலே வந்து சேர்ந்தது 1931 வாக்கில். காட்டை அழித்துத் தோட்டமாக்க அன்றைக்கு இருந்தவை ஒரு நீராவிச் சாலை உருளையும் கோவேறு கழுதைகளும் மனிதர்களின் கைகளும்தான். அந்தக் கைகளில் பெரும்பாலானவை நம் முன்னோரின் கைகள்.

அவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் மிகுதியானோர் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு முதலான மாவட்டத்தார். எல்லாம் வெயில் காயும் பூமி. மார்கழிப் பனியை அவர்கள் அறிவார்கள். ஆனால் அது சூரியன் வந்ததும் ஓடிவிடும் பனி. நாள் முழுவதும் மூட்டத்துக்குள் நின்று கொழுந்து பறித்து, நனைந்த உடையோடு வீடு திரும்பி, அந்த உடை மறுநாளும் காயாமல் தொங்குகிற குளிரை அவர்கள் கண்டதில்லை.

ஆனால் தமிழருக்குக் குளிர் காலத்து வீடு முற்றிலும் புதியதும் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் வாடைக்காலத்து ஊரைக் காட்டுகிறார். வெளியே ஆடு மாடு மேய்க்கும் கோவலர் மழையில் நனைந்து தீக்காய்கிறார்கள். மாளிகைக்குள்ளே விசிறி வேலையின்றித் தொங்குகிறது, சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது, சாளரக் கதவுகள் அடைபட்டிருக்கின்றன, குளிர்ந்த நீரை யாரும் நாடுவதில்லை, வாய் அகன்ற சட்டியில் நெருப்பு இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குளிருக்கு வீட்டை மாற்றி அமைத்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் மலைநாட்டு அரசன்தான் என்பதை நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம்.

நீலகிரித் தோடர்கள் இதில் நமக்கெல்லாம் ஆசிரியர்கள். அவர்களுடைய பழைய வீடு பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து கவிழ்த்தது போல இருக்கும். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல்லைக் கனமாக வேய்ந்திருப்பார்கள். வாசல் மூன்றடி உயரந்தான். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். வாசல் சிறிதானால் குளிரும் வராது, காட்டு விலங்கும் வராது. இந்த மலையிலேயே நமக்கு முன்பிருந்து வாழும் செமாய் மக்களும் மூங்கிலும் ஓலையும் கொண்டு தரைக்கு மேலே உயர்த்தி வீடு கட்டினார்கள். அடுப்பு வீட்டுக்குள்ளே இருந்தது. புகை ஓலைக்குள் ஊடுருவிக் கசிந்து வெளியே போயிற்று. போகிற வழியில் ஓலையில் பூச்சி அண்டாமலும் காத்தது. குளிர்ந்த மலையில் வாழத் தெரிந்தவர்களின் வீடு அப்படி இருந்தது.

நமக்குக் கிடைத்த வீடு எப்படிப்பட்டது? புதிதாகத் திறந்த தோட்டங்களில் முதலில் கொட்டகை, பிறகு லயம். இதுதான் மலாயா வழக்கம். கொட்டகைக்கு அத்தாப்பு வேண்டும். அத்தாப்பு நிப்பாப் பனையின் ஓலை. அந்தப் பனையோ கடலோரச் சேற்றில் வளர்வது. அதை 5,000 அடிக்குச் சுமந்து வருவதைவிட நெளிதகரம் கொண்டு வருவது எளிது, நெருப்புக்கும் பயமில்லை. ஆகவே பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக லயங்கள் எழுந்தன. நாட்டில் இருந்த தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை சமவெளி ரப்பர்த் தோட்டங்கள். லயத்தின் அமைப்பும் அந்த வெப்பத்தை நினைத்தே உருவானது. சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டிருப்பார்கள். சூடான காற்று அதன் வழியாக வெளியேறும். கித்தாக் காட்டில் அது ஒரு வரம். அதே வீட்டை அப்படியே தூக்கி மலைமேல் வைத்தபோது என்ன ஆகும்? இரவில் மூட்டம் அந்த இடைவெளி வழியாகப் படுக்கைக்கே வந்துவிடும்.

தகரத்தின் கதை வேறு. மழைக்குத் தகரத்தைப் போல நல்ல கூரை இல்லை. குளிருக்கு அதைப் போல மோசமான கூரையும் இல்லை. இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. உள்ளே ஆறு பேர் மூச்சு விடுகிறார்கள். அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது. கொடியில் ஈரத் துணி தொங்குகிறது. அந்த நீராவியெல்லாம் தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. ‘தகரம் வியர்க்கிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே ஏறி ஓட்டை தேடியவர்கள் பலர். ஓட்டை இருக்காது, ஒழுகுவது நம்முடைய மூச்சுதான்.

இந்த வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கியவர்கள் அதற்குள் வாழ்ந்த பெண்கள். பலகை காயக் காய இடுக்கு விழும். அந்த இடுக்குகளில் கிழிந்த துணியைத் திணித்து, அதன்மேல் பழைய செய்தித்தாள்களை ஒட்டினார்கள். மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை செய்து, கரப்பான் பூச்சி தின்னாமலிருக்கக் கொஞ்சம் துருசு கலப்பதும் உண்டு. (துருசு நஞ்சு, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது கூடாது.) ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் பழைய தாளின்மேல் புதுத் தாள் ஏறும். ஐந்தாறு ஆண்டுகளில் சுவர் அட்டைபோலத் தடித்துவிடும். தாளுக்கும் தாளுக்கும் நடுவே சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுப்பது. போர்வையில் கம்பளி செய்யும் வேலையும் அதுதான். அறிவியல் நூல் இதை வெப்பக் காப்பு என்கிறது. பெயர் தெரியாமலே செய்து காட்டியவர்கள் நம் பாட்டிமார்.

இதில் ஆசிரியர்களாகிய நமக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ போன்ற ஏடுகள் படிக்கப்பட்ட பிறகு லயத்துச் சுவருக்கு வந்தன. அந்தச் சுவரைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் உண்டு. தலைகீழாக ஒட்டிய தாளைத் தலையைச் சாய்த்துப் படித்தவர்களும் உண்டு. குளிருக்காக ஒட்டியது வாசகசாலையாயிற்று.

சுவருக்கு மேலே இருந்த அந்த இடைவெளியைக் கோணிச் சாக்கால் அடைத்தார்கள். தகரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக் கட்டிய வீடுகளில் சொட்டும் நீர் படுக்கையில் விழாது. தரையில் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் பழைய சேலைகளை நாலைந்து மடிப்பாக வைத்துத் தைத்த மெத்தைத் துணி. கம்பளி வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கினார்கள்.

கம்பளி என்றதும் இலங்கையை நினைக்காமல் இருக்க முடியாது. மலைக் குளிரை நமக்கு முன்பே, காப்பித் தோட்டக் காலத்திலேயே சந்தித்த தமிழர்கள் அங்கே இருந்தார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதற்கும் முந்திய காலம் அது. நுவரெலியா பக்கம் சில இரவுகளில் புல்மேல் உறைபனியே படியும். தோட்டத்தில் தொழிலாளிக்கு ஒரு முரட்டுக் கம்பளி கொடுப்பார்கள். பகலில் அதுவே மழைக்குத் தலைமேல், இரவில் அதுவே போர்வை. ‘கொடுப்பார்கள்’ என்று சொன்னோமே, இலவசமாக அல்ல. அதன் விலை அவன் கடன் கணக்கில் ஏறும். 10 அடிக்கு 12 அடி லயத்து அறையில் ஒரு குடும்பம். கவ்வாத்தில் விழுந்த மிலாறுதான் விறகு. அங்கே தேயிலை பழகிய துரைமார்கள் இங்கே வந்தபோது கவ்வாத்து முறையோடு லயத்து வழக்கங்களும் சேர்ந்தே வந்தன என்பதில் வியப்பில்லை.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, மலாயா எங்கும் துணிப் பஞ்சம். சாக்கைத் தைத்து உடுத்திய காலம் அது. மலையில் இருந்தவர்களுக்கு அது இரட்டைத் துன்பம்: சுவரில் இருந்த சாக்கு உடம்புக்கு வந்தது, சுவர் மறுபடி திறந்து கொண்டது. 1948-இல் தொடங்கிய அவசர காலத்தில் தோட்டத்து லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டபோது, காட்டோரம் போய் நினைத்த நேரத்தில் விறகு பொறுக்கவும் முடியாது போயிற்று.

இங்கே ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே, கோல்ப் திடலுக்கு அருகில், 1937-இல் கட்டிய ‘ஸ்மோக் ஹவுஸ்’ என்ற விடுதி இருக்கிறது. ஆங்கில நாட்டுக் கிராமத்து வீடு போன்றது. பெயரில்தான் புகை, உள்ளே இல்லை. ஏனென்றால் அங்கே கணப்பு அடுப்புக்கு மேலே செங்கல்லால் கட்டிய புகைபோக்கி இருக்கிறது. துரைமார் பங்களாக்களிலும் அப்படியே. விறகு எரியும், சூடு அறையில் தங்கும், புகை கூரைக்கு மேலே போகும். லயத்திலும் அதே காட்டு விறகுதான் எரிந்தது. ஆனால் புகைபோக்கி இல்லை. குளிருக்குப் பயந்து நாம் சாக்கை வைத்து அடைத்தோமே, சுவருக்கு மேலிருந்த அந்த இடைவெளி, அதுதான் லயத்துக்கு இருந்த ஒரே புகைபோக்கி! குளிரை அடைத்தபோது புகையையும் உள்ளே அடைத்துவிட்டோம். பாட்டிமாரின் கெட்டிக்காரத்தனத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் இந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது. அவர்கள்மேல் பழியும் இல்லை. குளிரா புகையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி வீட்டைக் கட்டி வைத்ததுதான் குற்றம்.

அதன் விலையைக் கொடுத்தவை பிள்ளைகளின் நெஞ்சுகள். கைக்குழந்தையைக் குளிருக்குப் பயந்து அடுப்போரம் கிடத்துவது வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கும் அடுப்போரந்தான் படுக்கை. விறகுப் புகை நிறைந்த வீட்டில் வளரும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமோனியாக் காய்ச்சல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. சளியும் இருமலும் மலைக் குளிரால் வந்தவை என்றே நாம் நீண்ட காலம் எண்ணியிருந்தோம். பாதிக் குற்றம் புகையுடையது. ஈரச் சுவரில் படரும் பூஞ்சணத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. நீண்ட லயங்களுக்குப் பதிலாக இரண்டிரண்டு வீடாகக் கட்டும் முறை பரவியது. தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1966-இல் வந்தது. 1990-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நம் மலை நீரைத் தேக்கி மின்சாரம் எடுக்க ரிங்லெட் அருகே சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் எழுந்தது. மின்சாரம் மலையிலிருந்து இறங்கிப் போயிற்றே தவிர, மலேசியத் தோட்டங்கள் பலவற்றின் லயங்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. எரிவாயு அடுப்பு வந்ததுதான் பெரிய மாற்றம் என்பது நம் கருத்து. அது வந்த பிறகு சமையலறைச் சுவர் வெளுத்தது. பலகைக்குப் பதில் செங்கல்லும் சிமெண்டும் வந்தன. ஆனால் சிமெண்டுத் தரை பலகையைவிட அதிகமாகச் சில்லிடும். தகரக் கூரையோ பல வீடுகளில் இன்னும் தகரமாகவே இருக்கிறது. இன்று தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் நம்மோடு வேலை செய்கிறார்கள். நேப்பாளத்தவர் இமயமலைக் குளிரில் பிறந்தவர்கள். கியா பார்ம் விடியலில் நாம் நடுங்குவதைப் பார்த்து அவர்கள் சிரித்தால் கோபித்துக் கொள்ளக் கூடாது!

இனி, இவ்வளவு கதையிலிருந்து இந்த ஆண்டு மழைக்கு முன் நம் வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். புரட்டாசி வெயில் இருக்கும்போதே தகரத்தின் ஆணிகளைப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்கிவிட வேண்டும். மழை பிடித்த பிறகு கூரையில் ஏறுவது ஆபத்து. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒட்டுப்பலகையால் உட்கூரை போட முடிந்தால் அதைவிடச் சிறந்த செலவு வேறில்லை. நடுவில் நிற்கும் காற்று போர்வையாகும், தகரமும் அவ்வளவு வியர்க்காது. உட்கூரைக்குச் சாக்கு வேண்டாம்; அடுப்புக்கு மேலே அது தீப்பந்தம். பூஞ்சணம் பிடித்த சுவரைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கலாம். பழைய தோட்டங்களில் சுண்ணாம்பு அடித்த வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரத் துணியைப் படுக்கும் அறையில் உலர்த்துவதை நிறுத்துங்கள். அஞ்சடியில் கொடி கட்டி, மழைச்சாரல் படாமல் ஒரு மறைப்பு வையுங்கள். கதவுக்கு அடியில் வரும் காற்றுதான் தரையில் படுப்பவர்களை வாட்டுவது. பழைய துணியை உருளையாகத் தைத்து, மணலோ உமியோ அடைத்து அங்கே போட்டால் அது நிற்கும். குழந்தையைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்திப் படுக்க வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும். பள்ளத்தில் உள்ள லயம் மேட்டு லயத்தைவிடக் குளிர்வதும் இதனால்தான்.

மிகக் குளிரான இரவில் சிலர் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிறார்கள். இதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. அடைத்த அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இருமலும் வராது. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தலைவலி, வாந்தி உணர்வு, தள்ளாட்டம் தோன்றினால் உடனே எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, மருத்துவமனைக்கு ஆள் அனுப்ப வேண்டும். கரிக்குப் பதில் வெந்நீரை மூடி இறுக்கமான போத்தலில் ஊற்றி, துணி சுற்றிக் காலடியில் வைத்துக் கொள்ளலாம். குழந்தையின் அருகில் என்றால் அது உறங்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

விறகு அடுப்பு இன்னும் எரிகிற வீடாக இருந்தால், சமையலறைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே உள்ள கதவை எரியும் நேரமெல்லாம் சாத்தி வையுங்கள். சமையலறைச் சுவரில் கூரையோரம் இருக்கும் இடைவெளியில் சாக்கு இருந்தால், ஏணி வைத்து ஏறி இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.